நாலு ரேமும் மைக்கண்ணாவின் குரலும்

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவரை அங்கே எல்லாரும் மைக்கண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், செய்தித்தாள் கடைக்காரர், சாமான் தூக்குகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

முதல் மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை அவருடையது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, கழுத்து வளைந்த ஒரு மைக், ஓரம் கிழிந்த கால அட்டவணை. அங்கிருந்து பார்த்தால் பதினான்கு நடைமேடைகளும் தெரியும். எந்த வண்டி கிளம்புகிறது, எது தாமதம், எது ரத்து என்று அவர் சொல்லப்போவதைக் கேட்கக் கீழே நூற்றுக்கணக்கான பேர் அண்ணாந்து நிற்பார்கள். கனமும் இல்லாமல், மெல்லிசும் இல்லாமல், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, காது மந்தமானவர்களுக்கும் விளங்குகிற குரல். அதை அவர் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். குளிர்ந்த தண்ணீரைத் தொடமாட்டார். வீட்டில் சண்டை வந்தால்கூடக் கத்தமாட்டார். "நாளைக்குக் காலைல ஆறு மணி டூட்டி. இப்ப கத்தினா தொண்டை போயிடும்" என்பார். மனைவிக்கு அதுவே எரிச்சல். "சண்டைக்குக்கூட மனுஷன் முழுசா வரமாட்டேங்கறாரே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

ஐம்பத்தோராவது வயதில் அந்தக் குரல் கம்மியது. சளி என்று நினைத்து இரண்டு மாதம் ஓடிப்போனது. பிறகு தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் புற்று. எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், பேச்சு இருக்காது.

எடுத்தார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்னத் துணி மறைப்பு. வீட்டுக்கு வந்தபோது மனைவி, குழந்தைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பிளாஸ்டிக் குச்சியால் எழுதலாம், பொத்தானை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும்.

பலகையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதியதைப் படிக்க அடுத்தவர் திரும்பிப் பார்க்க வேண்டுமே. மனைவிக்குக் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போடுகிற வேலை. காலை ஏழரைக்குக் கிளம்புவதற்குள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி பத்து வேலை பார்ப்பார். மைக்கண்ணாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவார். "இருங்க, வரேன்" என்று பதில் வரும். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போயிருக்கும். ஒரு கேலி, ஒரு குறுக்குக் கேள்வி, கதைக்கு நடுவே ஒரு 'அப்புறம்', இதெல்லாம் எழுதிக் காட்டுகிற சமாச்சாரமா? மெல்ல மெல்ல அவர் அவசியமானதை மட்டும் எழுதலானார். 'மருந்து தீர்ந்தது.' 'குழாய் ஒழுகுது.' பிறகு அதுவும் குறைந்தது.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை அதை வைத்து மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அதை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

வழி சொன்னது, பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண்தான்.

"சார், உங்க பழைய குரல் எதுலயாவது பதிவா இருக்கா? கல்யாண வீடியோ, போன் மெசேஜ், எதுவா இருந்தாலும் சரி. அதை வச்சு கம்ப்யூட்டர்ல ஒரு குரல் செய்யலாம். நீங்க டைப் அடிச்சா அது பேசும். இலவச புரோகிராமே இருக்கு."

'எவ்வளவு நேரப் பதிவு வேணும்?' என்று பலகையில் எழுதினார்.

"நிறைய பேர் ரெண்டு நிமிஷ வீடியோவோட வந்து நிப்பாங்க. ஒரு மணி நேரம் இருந்தா அதிர்ஷ்டம்தான்."

அவர் பொத்தானை அழுத்தி அழித்துவிட்டு எழுதினார்: 'ஒன்பது வருஷம் இருக்கு.'

பொய்யில்லை. 'எங்க வண்டியைக் கூப்பிடவே இல்லை' என்று பயணிகள் புகார் கொடுப்பார்கள் என்பதற்காக, மைக்கில் பேசுவதெல்லாம் ஒன்பது வருடமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. நிலைய மேலாளர் மறுபேச்சில்லாமல் அத்தனையையும் ஒரு வட்டில் ஏற்றிக் கொடுத்தார். "புது சிஸ்டம் வருது. அடுத்த வாரம் இதெல்லாம் அழிச்சிடுவாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

குரல் செய்ய நல்ல வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். மைக்கண்ணாவுக்கு நிலையத்தின் ஒலிபெருக்கிகளைப் பிரித்து மாட்டிய பழக்கம் இருந்தது. உடல்நலக் காரணத்தால் வேலையை விட்டவருக்கு நேரத்துக்கும் குறைவில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அவரே கோர்த்தார். மனைவி இரண்டு வாரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பொத்தானை அழுத்தியதும் முதல் தடவையே திரை ஒளிர்ந்தது. அன்றைக்கு அவர் முகம் ஒளிர்ந்ததைச் சொல்லி முடியாது.

ஒன்பது நாள் அந்தப் பெட்டி அவருடைய அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. பத்தாம் நாள் காலை, மனைவி அடுப்படியில் நின்றபோது, அவருக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"எனக்கு. ஒரு. டீ. கிடைக்குமா."

மனைவி கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் பொத்திய விரல்களுக்கிடையே சிரிப்பு பீறிட்டது.

"எத்தனையாவது நடைமேடைக்குங்க?"

மைக்கண்ணாவும் சிரித்தார். சத்தமில்லாமல், தோள்கள் குலுங்கக் குலுங்க.

ஆனால் பதினைந்து நாளில் அந்தச் சிரிப்பு வற்றிவிட்டது. எதைச் சொன்னாலும் வண்டி வரப்போகிற மாதிரியே இருந்தது. ஒருநாள் மனைவி மருத்துவமனையில் எதற்கோ திட்டு வாங்கிவிட்டு, கண் சிவந்து வந்து உட்கார்ந்தார். அவர் அவசர அவசரமாகத் தட்டினார். "உனக்கு. என்ன. ஆச்சு" என்று நிலையம் முழுக்கக் கேட்கிற தொனியில் பெட்டி கேட்டது.

"அதை நிறுத்துங்க" என்றார் மனைவி. "எங்கிட்டப் பேசுங்க. அறிவிக்காதீங்க."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது அந்த மைக்குக்கு முன்னால் சாதாரணமாகப் பேசியிருக்க மாட்டோமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்துச் சட்டென்று பொறி தட்டியது. காணாமல்போன குழந்தைகள்!

கூட்டத்தில் தவறிப்போகும் பிள்ளைகளை அவருடைய அறைக்குத்தான் கொண்டுவருவார்கள். அறிவிப்பைச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கிச் சுவிட்சை மட்டும் அணைப்பார். பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். பெற்றவர்கள் மூச்சிரைக்க மாடியேறி வரும்வரை பிள்ளையை மேசைமேல் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார். "அம்மா என்ன கலர் டிரஸ்?", "சரி, அழாம சொல்லு, அந்தப் பச்சை வண்டிக்கு எத்தனை சக்கரம்?" என்று நாலு சுவருக்குள் பேசுகிற பேச்சு. அதுதான் அவர் தேடியது. தேதி வாரியாகத் தேடி, கேட்டு, குழந்தைகளின் குரலை வெட்டி எடுத்துவிட்டு, தன் குரலை மட்டும் சேர்த்தார். ஆறு வாரம் பிடித்தது. முந்நூற்று எண்பது துண்டுகள் தேறின.

அந்த நீளமான துண்டுகளைப் போட்டதும் புரோகிராம் பாதியில் நின்றது. நினைவகம் போதவில்லை என்று திரையில் வந்தது. பெட்டியில் இருந்தவை ரேம் என்ற நினைவகத் தகடுகள் இரண்டு. பாகங்களையெல்லாம் தாங்குகிற தாய்ப்பலகையில் இன்னும் இரண்டுக்கு இடமிருந்தது.

பழைய திரைகளும் ஒயர் சுருள்களும் கூரைவரை அடுக்கிய ஒரு சந்துக் கடையில்தான் எல்லாப் பாகங்களையும் வாங்கியிருந்தார். கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு எதையாவது குடைந்துகொண்டே பேசுவார். மைக்கண்ணா பழைய ரேமின் படத்தைக் காட்டினார். அவர் உள்ளே போய் அதே கம்பெனி, அதே எண், அதே கறுப்பு உறை போட்ட இரண்டைக் கொண்டுவந்தார்.

"ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு பாருங்கண்ணா. கண்ணை மூடிட்டு மாட்டலாம்."

மாட்டினார். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. தாய்ப்பலகையில் ரேமுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. கழற்றி, ரேமின் பித்தளை நிறப் பற்களை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டினார். இந்தத் தடவை கிளம்பியது. நினைவகம் இரட்டிப்பு என்று திரையும் ஒப்புக்கொண்டது. அவர் வேலையை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

மூன்று மணி நேரத்தில் திரை நீலமாகி, பெட்டி தானாக அணைந்து எழுந்தது. மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை நாற்பது நிமிடம். அதற்கடுத்த தடவை ஆறு மணி நேரம் சமர்த்தாக ஓடிவிட்டு அணைந்தது. ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்தாலும் பரவாயில்லை, இது இருக்கிறேன் என்று ஆசை காட்டிக் காட்டிக் காலை வாரியது. வண்டிக்கு வண்டி தாமதத்தைச் சொல்லியே பழகிய மனிதர். பத்து நாள் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிட்டார்.

பதினோராம் நாள், சும்மா ஒரு துண்டைத் திறந்து கேட்டார். பச்சை வண்டியின் சக்கரங்களை எண்ணச் சொன்ன துண்டு. நாலு வார்த்தை வந்தது. அப்புறம் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அடுத்ததைத் திறந்தார், சரியாக இருந்தது. அடுத்தது இரைச்சல். பெட்டியின் நினைவகத்துக்குள் போய்விட்டு அதன் சொந்த வட்டுக்குத் திரும்பும் வழியில் பதிவுகள் சிதைந்திருந்தன. மேலாளர் கொடுத்த வட்டில் மூலப் பதிவு இருக்குமே என்று அதைச் செருகியவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது ரேம் மாட்டிய பிறகு ஐந்து கோப்புறைகளை அவர் நகல் எடுக்கவில்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, வெட்டி இந்தப் பக்கம் ஒட்டியிருந்தார். நிலையத்திலோ எப்போதோ எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது.

சாயங்காலம் மனைவி வந்தபோது அவர் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி அணைந்திருந்தது. மடியில் கிடந்த பலகையில் ஒரே ஒரு வார்த்தை: 'போச்சு.'

"என்ன போச்சு? நிதானமா எழுதுங்க."

எழுதினார். நாற்பத்திரண்டு துண்டுகள். அதோடு, கடைசி நாள் பதிவு.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மாலைதான் அவர் மைக்கின் முன் கடைசியாக உட்கார்ந்தது. அந்தப் பதிவை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். இப்போது கேட்டால் முதல் வார்த்தையிலிருந்தே இரைச்சல். 'என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்லை.' என்று எழுதினார்.

மனைவி கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கீழதான நின்னேன், ஒன்பதாவது நடைமேடையில. ஆஸ்பத்திரிப் பையை வச்சுக்கிட்டு உங்களுக்காக நின்னேன். அஞ்சு நாப்பது வண்டியைச் சொன்னீங்க. குரல் ரொம்பக் கம்மியிருந்துச்சு, ரெண்டு தடவை இருமினீங்க. வழக்கமா முடிச்சதும் டிங்குன்னு மணி அடிக்கும்ல, அன்னைக்கு அடிக்கல. கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரல. அப்புறம், 'இத்தோட என் வேலை முடியுது. எல்லாரும் பத்திரமா போய்ச் சேருங்க'ன்னு சொன்னீங்க. அவ்வளவுதான்."

அவர் மடியிலிருந்த பலகையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எம் பக்கத்துல நின்ன ஒரு அம்மா, 'யாருங்க அது, ரிட்டயர்டா?'ன்னு கேட்டாங்க. 'எங்க வீட்டுக்காரர்'னு சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சாங்க. வண்டி வந்துச்சு, ஏறிப் போயிட்டாங்க."

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. மனைவி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வரும்போதே பேச்சு மாறியிருந்தது.

"நாப்பத்திரண்டு போச்சு. மீதி எத்தனை இருக்கு?"

'முந்நூத்து முப்பத்தெட்டு.'

"அது போதாதா? ஆனா பெட்டி சரியாகற வரைக்கும் அந்த வட்டை இதுல செருகக் கூடாது. எங்கிட்டக் கொடுங்க." வட்டை வாங்கித் தன் துணிமணிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டார். திரும்பி வந்து, மூடி திறந்து கிடந்த பெட்டியை இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "நாலுல எது கெட்டதுன்னு பார்த்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"எங்க டாக்டர் ரெண்டு கண்ணையும் சேர்த்துச் சோதிக்கவே மாட்டார். ஒண்ணை மறைச்சிட்டு ஒண்ணைப் பார்ப்பார். நீங்க என்னடான்னா நாலையும் மாட்டிட்டு நாளெல்லாம் பார்த்துட்டு இருக்கீங்க."

அதுவும் சரிதானே என்று பட்டது. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். பழைய ரேம் இரண்டுக்கும் ஒன்று, இரண்டு என்றும், புதியவற்றுக்கு மூன்று, நான்கு என்றும் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டினார். நினைவகத்தைச் சோதிக்கிற புரோகிராம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார். ஒரு ரேமை மட்டும் மாட்டிவிட்டுச் சோதனையை ஓடவிடுவார். அது அந்த ரேமின் ஒவ்வோர் அறையிலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதினதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். மாறியிருந்தால் சிவப்பில் வரி வரும். ஒரு ரேமுக்கு மூன்று மணி நேரம்.

ஒன்று, தவறில்லை. இரண்டு, தவறில்லை. மூன்றிலும் நான்கிலும்தான் குட்டு வெளிப்படும் என்று கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவையும் சுத்தம். ஒருவேளை மாட்டுகிற இடத்தில் கோளாறோ என்று ஒரே ரேமை நாலு இடத்திலும் மாற்றி மாற்றி மாட்டினார். நாலு இடமும் சுத்தம். பழைய ஜோடியைச் சேர்த்து மாட்டினார், குறையில்லை. புது ஜோடியிலும் குறையில்லை. பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் சேர்த்தார். முப்பத்தெட்டாம் நிமிடம் சிவப்பு வரி விழுந்தது. நாலையும் மாட்டினார். பத்தே நிமிடத்தில் திரையெல்லாம் சிவப்பு.

நோட்டில் எட்டு நாள் நிறைந்திருந்தது. 'எதுவும் கெட்டதில்லை. சேர்ந்தால்தான் கெடுது' என்று கடைசி வரியில் எழுதி, நோட்டையும் நாலு ரேமையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா நின்றபடியே நோட்டைப் புரட்டத் தொடங்கி, பாதியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் 'ஓடல'ங்கற ஒரே வார்த்தையோட வந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க. நீங்க டாக்டர் பைல் மாதிரி கொண்டு வந்திருக்கீங்களேண்ணா."

நாலு ரேமையும் வரிசையாக வைத்து, நெற்றி விளக்கைத் தாழ்த்தி, கம்பெனி ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். பெரிய எழுத்தில் எல்லாம் ஒரே மாதிரி. சீட்டின் அடி ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு பதிப்பு எண். பழையதில் ஒன்று, புதியதில் வேறொன்று.

"இங்க பாருங்க. பேரும் நம்பரும் ஒண்ணுதான். உள்ள இருக்கற சிப் வேற. கம்பெனிக்காரன் அந்த மாசம் எந்தச் சிப் கிடைக்குதோ அதை வச்சு இதே உறையைப் போட்டுடுவான். தனித்தனியா ரெண்டும் நல்லதுதான். ஆனா பாக்கெட்டுல எழுதியிருக்கற முழு வேகத்துல சேர்த்து ஓட்டினா, ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். எல்லாம் நொடியில நூறு கோடியில ஒரு பங்கு. அதுக்கே இந்தப் பாடு." விளக்கை மேலே தள்ளினார். "நாலு வேணும்னா நாலும் ஒரே பாக்கெட்டுல வர்றதுதான் வாங்கணும். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். ரெட்டைப் பிள்ளைங்கன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். எந் தப்புதான்."

நாற்பத்திரண்டு துண்டுகளைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று மைக்கண்ணா முடிவு செய்தார். 'இப்ப என்ன பண்ணலாம்?' என்று மட்டும் எழுதினார்.

"ஒரே பாக்கெட்டுல நாலு வர ரெண்டு மாசம் ஆகும். வந்தா மாத்தித் தரேன். இல்லன்னா வேகத்தைக் குறைச்சு ஓட்டலாம். வேலை முடிய நாள் கூட ஆகும், ஆனா நாலும் ஒத்துப்போகும்."

அவர் யோசிக்கவே இல்லை. 'மெதுவா போனா போகட்டும்.'

கடைக்காரம்மா ஒரு தாளில் படி படியாக எழுதிக் கொடுத்தார். முதலில், பெட்டி கண் விழித்ததும் ஓடுகிற பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும். அது ஏறுகிற நாலு நிமிடத்தில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செத்துவிடும். அதற்காகத் தன் கடையின் பேட்டரிப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்தார்.

அந்த நாலு நிமிடமும் மனைவி சுவிட்சுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "யாரு வந்து அணைக்கப் போறாங்க? வீட்டுல நாம ரெண்டு பேர்தான்" என்று அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் நகரவில்லை. பயாஸ் ஏறியது. மைக்கண்ணா ரேமின் வேகத்தை ஒரு படி குறைத்தார். நாலு ரேமையும் மாட்டிச் சோதனையை ஓடவிட்டார். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது சுற்றின் கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வரி.

கோடிக்கணக்கான அறைகளில் ஒன்றே ஒன்று. வேறு யாராக இருந்தாலும் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள். அவர் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் '1' என்று எழுதி வட்டமிட்டார். வேகத்தை இன்னும் ஒரு படி இறக்கினார். இரண்டு நாள், எட்டுச் சுற்று. எட்டிலும் பூஜ்யம்.

"இப்ப வட்டைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார் மனைவி. அவர் கையை நீட்டினார். இந்தத் தடவை எல்லாவற்றையும் நகல்தான் எடுத்தார். இரண்டு நகல்.

குரல் பழக ஒன்பது நாளுக்குப் பதில் பதினாறு நாள் ஆனது. பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. பதினேழாம் நாள் மாலை மனைவி வேலையிலிருந்து வந்து, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனை பேருக்கு மருந்து ஊத்தின?"

"நூத்திப்பத்து" என்றார் மனைவி, நிமிராமலே. "அதுல ஒரு ஆளு, கண்ணைத் திறங்கன்னா வாயைத் திறக்கறாரு..." வார் சிக்கிக்கொண்டிருந்தது, அதை இழுத்தபடி பேசிக்கொண்டே போனார். "நான் மூணு தடவை சொல்லிட்டேன்..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நர்சு வந்து..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு காலில் செருப்போடு திரும்பினார். மேசையருகே உட்கார்ந்திருந்தவருடைய விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தன. பிறகு மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நர்சு வந்து என்ன சொன்னார் என்பதை முழுக்கச் சொல்லி முடித்தார்.

அது அவருடைய பழைய குரல்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. சில எழுத்துகள் வழுக்கின. குழந்தைகளிடம் பேசிய பேச்சிலிருந்து வந்ததால் ஒரு கொஞ்சல் ஒட்டிக்கொண்டிருந்தது. மின் கட்டணம் கட்ட மறந்ததற்காக ஒருநாள் அவர் கோபமாகத் தட்ட, 'ஏன் மறந்த' என்பதைப் பெட்டி தாலாட்டு மாதிரி கேட்டது. மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு அஞ்சு வயசுன்னு நினைச்சுக்கிட்டீங்களா?" என்றார். அவர் வேறு வழியில்லாமல் கோபத்தைக் கைவிட்டார். நாளடைவில் அந்தக் குரலைக் கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார். பேருந்து நிலையத்துக்குப் போனபோது செய்தித்தாள் கடைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை பேசுங்க, இன்னொரு தடவை" என்று விடாமல் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஒரே பாக்கெட்டில் நாலு ரேம் வந்துவிட்டதாம். வேண்டாம், இருப்பதே போதும் என்றார் மைக்கண்ணா.

"அப்ப ஒரு உதவி பண்ணுங்கண்ணா. இங்க ஒருத்தர் புதுசும் பழசுமா ரேமைக் கலந்து மாட்டிட்டு, நான் ஓட்டைப் பொருளை வித்துட்டேன்னு குதிக்கறாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே சொல்லுங்க." போன் கை மாறியது.

"ஹலோ" என்றது ஒரு கரகரத்த ஆண் குரல். "சொல்லுங்க, என்ன பண்ணணும்?"

மைக்கண்ணா தட்ட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவசரம் தாங்கவில்லை. "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். முதல்ல எல்லாத்தையும் கழட்டிட்டு ஒண்ணை மட்டும் மாட்டுங்க."

"என்னங்க இது, ரெக்கார்டிங்கா?"

விரல்கள் ஓடின. "இல்லைங்க, ஆளுதான். டைப் அடிச்சுப் பேசறேன். கொஞ்சம் நேரமாகும்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "சரி, அடிங்க சார். நான் எழுதிக்கறேன்" என்றார் அந்த மனிதர். மைக்கண்ணா தன் கோடு போட்ட நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.